மெதுவாகச் சாப்பிட்ட புயல்

அந்தத் தீயணைப்பு நிலையத்தின் சாப்பாட்டு மேசைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கடைசியாகச் சாப்பிட்டு முடிப்பவர் பாத்திரம் கழுவ வேண்டும். தன் தட்டை மட்டும் கழுவிவிட்டு நழுவ முடியாது. எல்லார் தட்டும், அடிப்பிடித்த அண்டாவும் அவர் தலையில்தான். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏன் போட்டார்கள் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். சுவரில் இருக்கும் மணி எப்போது அலறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலறினால் தட்டு மேசையில், ஆள் வண்டியில். ஆகவே சோறு தட்டில் இருப்பதைவிட வயிற்றில் இருப்பதுதான் பத்திரம் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நிலையத்தின் பெரிய வண்டியை ஓட்டும் அக்காவுக்குப் புயல் என்று பெயர். வண்டி ஓட்டுவதைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். தண்ணீர்த் தொட்டியும் ஏணியும் சுமந்த அந்த மலையை அவள் பொறுமையாக, அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவாள். பெயர் வந்தது சாப்பாட்டினால். சாப்பாடு என்று சொல்வதே தப்பு. அவள் சோற்றை உள்ளே ஏற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். மற்றவர்கள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்குள் அவள் தட்டு காலியாகி, அவள் கை துடைத்துக்கொண்டிருப்பாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த அண்டாவின் அடியை அவள் பார்த்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டிலும் அதே வேகம். அவள் கணவர் தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். மாலையில் கடையை மூடிவிட்டு வந்து அவர்தான் சமைப்பார். ரசித்து ரசித்துச் சமைத்து, மேசையில் கொண்டுவந்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால், எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்று குரல் மட்டும் குளியலறையிலிருந்து வரும். கல்யாணம் ஆன புதிதில் அவர் கோபித்துக்கொண்டார். பிறகு வருத்தப்பட்டார். பிறகு ரேடியோவைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டார்.

மகளுக்கு வேலை கிடைத்ததென்று ஒரு முறை மூன்று பேரும் நல்ல ஹோட்டலுக்குப் போனார்கள். அங்கே சமையலறையில் சாப்பாடு தயாரானதும் சின்னதாக ஒரு மணி தட்டுவார்கள். 'டிங்' என்று சத்தம் கேட்டதுதான் தாமதம், புயல் வாயில் இருந்ததை அப்படியே விழுங்கி, நாற்காலியைத் தள்ளி, வாசலுக்கு ஓடிவிட்டாள். காசு கொடுக்காமல் ஓடுகிறாள் என்று காவலாளி குறுக்கே கையை நீட்டினார். அவரும் பாவம் என்ன செய்வார்? மகள் மேசைத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்த டாக்டர்தான் ஓட்டத்தை நிறுத்தினார்.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. எடையும் ஏறியிருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரைய மட்டும் நம்பி உங்க கையில அவ்வளவு பெரிய வண்டியக் குடுக்க முடியாது. ஓட்டுறப்போ தலை சுத்திச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரியணுமா? அடுத்த தடவை வர்றப்போ சர்க்கரை இறங்கியிருக்கணும். இல்லேன்னா ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் போன் அறை. வண்டிக்கொட்டகைக்குப் பின்னால், திறக்க வராத ஒரே ஜன்னலுடன் இருக்கும் அறை அது. இரண்டு தொலைபேசி, ஒரு மேசை விளக்கு, உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த ஒரு மெத்தை நாற்காலி. உடம்புக்கு முடியாமல் அங்கே போன யாரும் திரும்ப வண்டிக்கு வந்ததில்லை. மற்றவர்கள் வண்டியில் பாய்ந்து ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, "எந்தத் தெருங்க, எத்தனாவது மாடி?" என்று கேட்டுக்கொண்டே ஓய்வுபெற வேண்டியதுதான்.  ஸ்டியரிங்கைப் பிடிக்காத தன்னைப் புயலால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதலில் அவள் செய்தது எல்லாரும் செய்யும் முட்டாள்தனம். பட்டினி கிடந்தாள். பகல் முழுக்க வைராக்கியமாக இருந்துவிட்டு, மாலையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, நின்றபடியே ஒரு முழு ரொட்டியை முடித்தாள். சில நாள் இப்படிப் போனதும் இடுப்பு பெல்ட்டில் இன்னொரு துளை போட வேண்டியதாயிற்று, அதுவும் தப்பான பக்கத்தில். கணவர்தான் அவளை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணின் முன் உட்கார வைத்தார். சாப்பாட்டு டாக்டர் என்றுதான் அங்கே எல்லாரும் அவளைச் சொல்வார்கள். எதைச் சாப்பிடாதே என்று நீளமாகப் பாடம் நடத்தப்போகிறாள் என்று புயல் பயந்தாள். அவளோ ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். நிமிர்ந்து பார்த்தபோது பழம் இல்லை.

"பழம் எங்க?"

"சாப்பிட்டாச்சே!"

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லாப் பழுத்திருந்துச்சா, இல்ல கொஞ்சம் காயா இருந்துச்சா?"

புயல் விழித்தாள். வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. குப்பைக்கூடைக்குள் எட்டித் தோலைப் பார்த்து, "மஞ்சளாத்தான் இருக்கு. பழுத்திருக்கும்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பாட்டு டாக்டர் இன்னொரு பழத்தைக் கொடுத்தாள். "ஒரு கடி கடிங்க. பழத்தக் கீழ வைங்க. நல்லா மெல்லுங்க. விழுங்கி முடிச்ச பிறகுதான் கை பழத்துக்குப் போகணும். அதுவரைக்கும் வாயில இருக்கறத மட்டும் கவனிங்க."

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வாயில் இருப்பது இருக்கும்போதே அவள் கை பழத்தை நோக்கித் தானாக ஊர்ந்து போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாவது கடியில், பழத்தின் நுனியில் லேசான புளிப்பு இருப்பது தெரிந்தது. நடுப்பகுதி வேறு மாதிரி இனித்தது. வாழைப்பழத்துக்குள் இத்தனை விஷயமா என்று அவளுக்குக் கோபமே வந்தது, இத்தனை நாள் யாரோ ஒளித்து வைத்திருந்ததுபோல. பாதிப் பழம் முடிந்ததும் அவளையும் அறியாமல் வாய் சொன்னது: "போதும் போல இருக்கே."

"வயிறு தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். அது சொல்றதுக்குள்ள நீங்க சாப்பிட்டு எழுந்து போயிடுறீங்க. இனிமே அது பேசற வரைக்கும் உட்காருங்க, போதும்" என்றாள் சாப்பாட்டு டாக்டர்.

உட்காரலாம். நிலையத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சாப்பாட்டு டாக்டருக்குத் தெரியாதே.

மறுநாள் மத்தியானம் புயல் ஒரு வாய் எடுத்தாள், ஸ்பூனைக் கீழே வைத்தாள், மென்றாள். மேசையைச் சுற்றி ஒருவர் பின் ஒருவராகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அவள் நிமிர்ந்தபோது எல்லாரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நிலையத்திலேயே அதிகம் பாத்திரம் கழுவியவர், தண்ணீர்ப் பம்பை இயக்கும் மீசைக்காரர். மீசையில் ஒட்டுவதைத் துடைப்பதற்கே அவருக்கு நேரம் போய்விடும். அவர் அன்று அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்து அவள் முன்னால் வைத்தார்.

"அக்கா, இது அண்டா. அண்டா, இது எங்க அக்கா. ரெண்டு பேரும் இதுக்கு முன்னால பார்த்ததில்ல."

"சிரிடா மீசை, சிரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தேய்த்தாள். அடுத்த நாளும் தேய்த்தாள். அதற்கடுத்த நாளும். அண்டாவின் அடிக்கரி நகத்துக்குள் ஏறிக்கொண்டு, கழுவினாலும் போக மறுத்தது. சர்க்கரை ஏறினாலும் பரவாயில்லை, இந்த இழவைத் தேய்க்க முடியாது என்று ஒரு நாள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள். ஆனாலும் விடவில்லை. போன் அறையின் நாற்காலி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அப்போதுதான் அது நடந்தது. அவள் நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டாள், மணி அலறியது. மற்றவர்களுக்கு வயிறு நிறைந்திருந்தது. இவளுக்குக் காலையிலிருந்து வெறும் காப்பிதான். மரச்சாமான் கடையில் தீ. அணைத்து முடிக்க மாலையாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்த அவள் கைகள் நடுங்கத் தொடங்கின. நெற்றியில் வியர்வை கொட்டியது. பக்கத்து இருக்கையில் இருந்த நிலைய அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார்.  நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் சொன்னார்.

"மெதுவாச் சாப்பிடறதெல்லாம் வீட்டுல வச்சுக்குங்க. இங்க மணி அடிச்சா வயித்துல ஏதாவது இருக்கணும். நாளையிலேர்ந்து எல்லாரையும் போலச் சாப்பிடுங்க. மறுபடியும் இப்படிக் கை நடுங்கிச்சுன்னா டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நானே போன் ரூமுக்கு அனுப்பிடுவேன்."

வேகமாகச் சாப்பிட்டால் டாக்டர் இறக்கிவிடுவார். மெதுவாகச் சாப்பிட்டால் அதிகாரி இறக்கிவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் குழி விழுந்த நாற்காலிதான். வீட்டுக்கு வந்த புயல் மேசை முன் உட்கார்ந்து அழுதாள். நெருப்புக்குள் ஏறிப் போகிறவள், ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பினாள். கணவர் உருளைக்கிழங்கு வறுவலையும் முட்டையையும் கொண்டுவந்து வைத்தார். அழுகையோடு வேகம் வருமா? ஒவ்வொரு துண்டாக எடுத்து மென்றாள்.

"பூண்டு கருகியிருக்கு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கணவர் கையில் எடுத்த டம்ளர் அப்படியே நின்றது. "என்ன சொன்ன?"

"பூண்டு. லேசாக் கருகியிருக்குன்னேன். ஏங்க, தப்பாச் சொல்லிட்டேனா?"

"தப்பா? கல்யாணம் ஆனதிலேர்ந்து சமைச்சுப் போடறேன். இன்னைக்குத்தான் என் சமையல்ல ஒரு குத்தம் கண்டுபிடிச்சிருக்க!" அவர் முகம் பூரித்துப் போனது. எட்டிப் போய் ரேடியோவை அணைத்தார். "இன்னும் சொல்லு. உப்பு எப்படி? கிழங்கு வெந்திருக்கா?"

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். உப்பு சரியாக இருக்கிறது என்றாள். கிழங்கின் ஓரம் மொறுமொறுவென்று அருமை என்றாள். இத்தனை வருடம் இந்த மனிதரைத் தனியாகச் சாப்பிட வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு அதிகாரி சொன்னதைச் சொன்னாள்.

கணவர் யோசித்தார். "என் கடையில பாதி முடி வெட்டறப்போ ஒருத்தன் எழுந்து போனா தெருவே சிரிக்கும். பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனா யாரு சிரிக்கப்போறா? போயிட்டு வந்து மீதியச் சாப்பிடு. சோறு எங்க ஓடிப்போகுது?"

"ஈ மொய்க்குங்க."

"மூடி வச்சுட்டுப் போ."

புயல் அவரையே பார்த்தாள். மூடி! எத்தனையோ வருடமாக நெருப்பை மூடி அணைக்கத் தெரிந்த ஒரு நிலையத்தில், ஒரு தட்டை மூடி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

"அப்புறம் கை ஏன் நடுங்குச்சு? காலையில வெறும் காப்பிய ஊத்திக்கிட்டு ஓடுற. மத்தியானம் வர்ற ஒரு தட்டுதான் கதின்னு இருந்தா மணியப் பார்த்துப் பயப்படாம வேற என்ன பண்ணுவ? காலையில எங்கூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பாட்டு டாக்டரும் அதையேதான் போனில் சொன்னாள். வண்டியில் நாலு மிட்டாய் போட்டு வைக்கவும் சொன்னாள். மறுநாளிலிருந்து கணவனும் மனைவியும் விடிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து முட்டையும் பயறும் சாப்பிட்டார்கள். அவள் சீக்கிரம் எழுந்திருக்கச் சலித்துக்கொண்டாள். அவர் மட்டும் ஏதோ பரிசு வாங்கினவர்போல் விசிலடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

நிலையத்துக்கு ஒரு மூடியை எடுத்துக்கொண்டு போய் அவள் அதிகாரி முன் நின்றாள். "அடுத்த தடவை மணி அடிக்கிற வரைக்கும் டைம் குடுங்க சார். அன்னைக்கு என் கை நடுங்கிச்சுன்னா நானே போன் ரூமுக்குப் போயிடறேன். நீங்க அனுப்ப வேண்டாம்."

அதிகாரி மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒரே ஒரு மணிதான்" என்றார்.

அந்த மணி வேண்டுமென்றே காத்திருந்ததுபோல் மத்தியானச் சாப்பாட்டின்போது அடித்தது. மற்றவர்கள் அப்போதுதான் அள்ளிப் போட்டு முடித்திருந்தார்கள். புயலின் தட்டில் பாதி இருந்தது. ஒரு கணம் அவள் கை பழைய வழியில் மீதியை வாய்க்குள் தள்ளப் பாய்ந்தது. அவள் அதை நிறுத்தினாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். தட்டை மூடினாள். ஓடினாள். பார்த்தால், வண்டியில் முதலில் ஏறியதும் அவள்தான். மற்றவர்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

சந்தைக்குப் பின்புறம் ஒரு சந்துக்குள் பெயின்ட் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. மேல்மாடியில் ஆட்கள் மாட்டிக்கொண்டு ஜன்னலில் கையை ஆட்டினார்கள். சந்தின் இரண்டு பக்கமும் சுவர். ஏணி ஜன்னல் பக்கம் வர வேண்டுமானால் வண்டியைப் பின்புறமாகத்தான் உள்ளே கொண்டு போக வேண்டும். பின்னால் நின்று கைகாட்ட மீசை இறங்கினார். இரண்டு அடி நடந்தவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குனிந்து, அவசர அவசரமாகத் தின்றதையெல்லாம் அவசர அவசரமாக வெளியே விட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொண்டை வரை நிரப்பிக்கொண்டு ஓடினால் யாருக்கும் அதுதான் கதி.

அதிகாரியே இறங்கிப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினார். புயல் இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தாள். வயிறு லேசாக இருந்தது, தலை தெளிவாக இருந்தது. எத்தனையோ பகல்களில் வயிறு முட்டி, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, பாதிக் கவனத்தோடுதான் இந்த வண்டியை ஓட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. ஒரு பக்கம் கண்ணாடி சுவரை உரசும் அளவுக்கு நெருங்க, மறுபக்கம் கைகூட நுழையாத இடைவெளி. திருத்த வேண்டிய இடத்தில் திருத்தி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஒரு கீறல் இல்லாமல் வண்டியை ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். ஏணி ஏறியது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். எல்லாரும் உயிரோடு, தங்கள் காலாலேயே நடந்து போனார்கள்.

தீ அடங்கியதும் அதிகாரி ஓட்டுநர் கதவருகே வந்தார். "கையக் காட்டுங்க" என்றார்.

புயல் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கரியும் வியர்வையுமாக இருந்தன. ஒரு விரல்கூட ஆடவில்லை. அதிகாரி நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்குப் பாராட்டத் தெரியாது. ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நிலையத்தில் அவள் தட்டைத் திறந்து, சூடாக்கி, உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எல்லாரும் ஏதோ வித்தை பார்ப்பதுபோல் சுற்றி நின்றார்கள். மீசை வெளிறிப் போய் எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, பீன்ஸா அது? நானும் அதத்தான் சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டியோ என்னவோ. அந்தச் சந்துச் சுவத்துக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு எழுந்த சிரிப்பில் மீசையின் சிரிப்புதான் பெரிதாக இருந்தது. அந்த வாரமே அதிகாரி பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டார். இனி அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், அண்டாவை முறை வைத்துத் தேய்க்க வேண்டும் என்றார். மேசையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மூடி வந்தது. உடனே எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் இன்னும் அள்ளித்தான் போடுகிறார்கள். ஆனால் மேசையில் முன்பு கேட்காத பேச்சுகள் கேட்கத் தொடங்கின. பருப்பு இன்னும் கொஞ்சம் குழைந்திருக்கலாம் என்றார்கள். இன்றைக்கு யார் சமையல், நன்றாயிருக்கிறதே என்றார்கள். புயலுக்குப் பாதித் தட்டிலேயே வயிறு போதும் என்று சொல்லும் நாட்கள் அதிகமாயின. அவள் அதற்குக் கீழ்ப்படிந்தாள். பெல்ட்டில் மறுபடியும் துளை போட வேண்டி வந்தது, இந்த முறை சரியான பக்கத்தில்.

டாக்டர் மறுபடி வந்த நாளில் அவள் காலையிலிருந்தே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். 

"நல்லா இறங்கியிருக்கே! எடையும் குறைஞ்சிருக்கு. நான் குடுத்த மாத்திரைக்கு மட்டும் இவ்வளவு இறங்காது. உண்மையச் சொல்லுங்க, என்ன பண்ணீங்க?"

புயல் யோசித்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெளியே வண்டிக்கொட்டகையில் மீசையும் மற்றவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்கள். "அக்கா, என்ன ஆச்சு? வண்டியா, போன் ரூமா?" என்று மீசை ஓடி வந்தார். அவள் நேரே போய்ப் படியில் கால் வைத்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஹாரனை ஓங்கி அழுத்தினாள். கொட்டகையே அதிர்ந்தது. காரணமில்லாமல் ஹாரன் அடிக்கக்கூடாது என்பது விதி. அதிகாரி தன் அறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் காதில் விழாததுபோல் உள்ளே போய்விட்டார்.